மறதிக்கு மருந்து டப்பாவில் இருக்கிறதா?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பு. போன வருஷம் பத்திரிகைச் சந்தா வசூலிக்க அங்கே ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். தோழர் ஒரகடத்தில் மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் தொழிலாளி. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் பதினாலாயிரம். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய்.

சுவர் அலமாரியில் பளபளவென்று மூன்று டப்பாக்கள் இருந்தன. இரண்டு காலி. மூன்றாவதில் பாதி.

"இதெல்லாம் யாருக்குத் தோழர்?" என்று கேட்டோம்.

"அம்மாவுக்குத் தோழர். கொஞ்ச நாளா ரொம்ப மறதி. சொன்னதையே சொல்லிக்கினு இருக்குது. அடுப்பை அணைக்க மறந்துடுது. போன மாசம் ரேஷன் கடைக்குப் போயிட்டு, எதுக்கு வந்தோம்னு தெரியாம திரும்பி வந்துடுச்சு. மருந்துக் கடையிலே கேட்டேன். மூளைக்குப் பலம், ஞாபக சக்தி கூடும்னு சொல்லி இதைக் குடுத்தாங்க."

"விலை?"

"எண்ணூத்தி ஐம்பது. மாசம் ஒண்ணு."

அந்த அம்மாவின் முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய். அதில் 850 டப்பாவுக்குப் போகிறது. மிச்சம் 350. வெற்றிலை பாக்கு, பஸ் கட்டணம், பேரக் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் அந்த 350-க்குள் அடங்க வேண்டும்.

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தோம். முன்பக்கம் மூளையின் படம், சிரிக்கும் கிழவர் ஒருவரின் படம், கொட்டை எழுத்தில் ஞாபக சக்தி. பின்பக்கத்தில், பொடி எழுத்தில், இங்கிலீஷில் ஒரு வாசகம். அதன் பொருள் இதுதான்: "மருத்துவ உபயோகத்திற்கு அல்ல."

தோழர் திகைத்துப் போனார். மூன்று மாதமாக மருந்து என்று கொடுத்து வந்த பொருள், மருந்து அல்ல என்று தானே சொல்லிக்கொள்கிறது! அதைச் சொல்வதோ கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், அந்தத் தாய் படிக்க முடியாத பாஷையில்.

தோழரை நாம் குறை சொல்லவில்லை. தாயின் மீதுள்ள பாசத்தால் செய்தார். அந்தப் பாசத்தைக் காசாக்குகிறவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தெருவுக்குப் போனாலும் இத்தகைய டப்பாக்கள் இருக்கின்றன.

மறதி என்பது என்ன?

வயதானால் மறதி வருவது சகஜம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயல்ல. ஆனால் முன்பு செய்துவந்த காரியத்தில் தடுமாற்றம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய மனிதரின் பெயர் வராமல் போவது என்று கூடிக்கொண்டே போனால், டாக்டர்கள் அதை லேசான அறிவாற்றல் குறைவு என்கிறார்கள். அன்றாட வேலைகளைத் தானே கவனித்துக்கொள்ள முடிகிற வரை இந்தப் பெயர். அதுவும் முடியாமல் போனால் முற்றிய மறதி நோய், அதாவது டிமென்ஷியா.

லேசான குறைவு வந்தவர்கள் எல்லோரும் அந்த நோய்க்குப் போய்ச் சேருவதில்லை. சிலருக்கு முற்றுகிறது. பலருக்கு அப்படியே நிற்கிறது. சிலருக்குக் காரணம் கண்டுபிடித்துச் சரி செய்தால் நன்றாகவே தேறுகிறது. எனவே இந்த நேரத்தில் காரணத்தைத் தேடுவதுதான் முக்கியம். அந்த நேரத்தைத்தான் டப்பா தின்று விடுகிறது.

யாருக்கு அதிகமாக வருகிறது? இந்திய முதியோர் பற்றிய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது நாடு முழுவதும் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று அது கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்தவர்களைவிடப் படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்கு அதிகம். கிராமத்துப் பெண், பள்ளிக்கூடம் பார்க்காதவர் என்றால் அது யார்? நாற்று நட்டவளும் களை பறித்தவளும்தானே!

டப்பாக்களைச் சோதித்தார்கள், கண்டது என்ன?

மூளைக்குப் பலம் என்று விற்கப்படுகிற சரக்குகளை விஞ்ஞானிகள் சோதிக்காமல் விடவில்லை.

ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சத்து உலகமெங்கும் ஞாபக மருந்தாக விற்கிறது. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு ஜின்கோவும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, சுமார் ஆறு வருஷம் கவனித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. டிமென்ஷியாவைத் தடுப்பதில் இரண்டு கூட்டத்திற்கும் வித்தியாசமே இல்லை.

வைட்டமின் ஈ? லேசான அறிவாற்றல் குறைவு உள்ள 769 பேரை வைத்து நடந்த சோதனை 2005-ல் வெளியாயிற்று. பெரிய அளவில் மூன்று வருஷம் கொடுத்தும் பலனில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் தெளிவாகவே எழுதி விட்டது: அறிவாற்றல் குறைவதைத் தடுப்பதற்காக பி வைட்டமின், ஈ வைட்டமின், மீன் எண்ணெய் போன்ற கொழுப்புச் சத்து, பல சத்துக் கலவை ஆகியவற்றைச் சிபாரிசு செய்யக் கூடாது.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. 2022, 2023-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகளில், தினம் ஒரு சாதாரண பலவைட்டமின் மாத்திரை சாப்பிட்ட முதியோர் ஞாபகச் சோதனையில் சற்றுக் கூடுதலாகத் தேறினார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பலன் சிறிது. சோதிக்கப்பட்டவர்கள் மறதி நோயாளிகள் என்று சேர்க்கப்பட்டவர்கள் அல்ல, பொதுவான முதியவர்கள். சாக்லேட் கம்பெனியான மார்ஸ் அந்த ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்தாலும், 850 ரூபாய் டப்பாவுக்கு இது சாட்சியாகாது.

பம்பாய் மில் பெண்கள் தரும் பாடம்

"அப்படியானால் வைட்டமின் எல்லாம் புரட்டா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. இதற்கு நம் தொழிலாளர் வாழ்க்கையிலிருந்தே ஒரு சரித்திரம் இருக்கிறது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்த சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியா, விஷமா என்று யாருக்கும் தெரியவில்லை. லூசி வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழை வீட்டுச் சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து இல்லை என்று சந்தேகித்தார். நம் குன்னூர் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளை வைத்துச் சோதித்தார். 1931-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில், இன்றும் ஜனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார்.

கடைசியில் அவர் கண்டது என்ன? பீர் தொழிற்சாலையில் மிச்சமாகும் ஈஸ்டிலிருந்து செய்த மலிவான பசை ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் பிழைத்தார்கள்! அதிலிருந்த சத்து, பிறகு 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் ஃபோலிக் அமிலம். இன்று கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிற மாத்திரையில் இருப்பதும், இந்த ஞாபக டப்பாக்கள் பலவற்றின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதும் அதே சரக்குத்தான்.

அந்தப் பசை ஏன் பிழைக்க வைத்தது? அந்தப் பெண்களின் உடம்பில் அது இல்லாததால். வேளாவேளைக்குக் கீரையும் ஈரலும் சாப்பிட்ட மில் முதலாளி வீட்டம்மாவுக்கு அதே பசையைக் கொடுத்திருந்தால் ஒரு பலனும் இருந்திருக்காது.

இதுதான் பாடம். குறைந்த இடத்தில் ஊற்றினால்தான் நிரம்பும். நிறைந்த பானையில் ஊற்றினால் வழிந்து போகும். ஆகவே முதல் கேள்வி "எந்த டப்பா நல்லது?" என்பதல்ல. "இந்த உடம்பில் என்ன குறைகிறது?" என்பதே. அந்தக் கேள்வியைக் கம்பெனி கேட்காது. கேட்டால் குறை உள்ளவருக்கு மட்டும்தான் விற்க முடியும். கேட்காவிட்டால் ஊருக்கே விற்கலாம்!

மறதி விஷயத்திலும் இந்தப் பாடம் பொருந்துவதைப் பார்க்கிறோம். ஆக்ஸ்போர்டில் லேசான அறிவாற்றல் குறைவு உள்ள முதியோருக்கு இரண்டு வருஷம் ஃபோலிக் அமிலம், பி-6, பி-12 கொடுத்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளை சுருங்கும் வேகம் குறைந்தது. ஆனால் யாருக்கு? ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடுதலாக இருந்தவர்களுக்குத்தான் நல்ல பலன். அது கூடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இந்த வைட்டமின்கள் உடம்பில் குறைவதுதான்.

அந்த அம்மாவுக்கு என்ன குறை?

தோழரிடம் சொல்லி, அம்மாவை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் செய்தோம். ஒரு நாள் சம்பளம் போயிற்று. இரண்டு நடை நடக்க வேண்டி வந்தது. ஆனால் அங்கே ஒரு இளம் டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க பாட்டி?"

"சக்கரை மாத்திரை, பத்து வருஷமா."

"முட்டை, மீன் சாப்பிடுறீங்களா?"

"பல்லு இல்லப்பா. ரசஞ்சோறுதான். முட்டை இருந்தா பசங்களுக்குக் குடுத்துடுவேன்."

ரத்தத்தைச் சோதித்ததில் சோகை இருந்தது. பி-12 வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. காதில் அழுக்கு அடைத்திருந்ததும் தெரிந்தது. பாதி விஷயங்கள் மறந்து போனவை அல்ல, காதிலேயே விழாதவை!

பி-12 என்பது செடிகொடிகளில் கிடைக்காத சத்து. பால், முட்டை, மீன், கறி, ஈரல் ஆகியவற்றில்தான் இருக்கிறது. அது குறைந்தால் ரத்தம் வற்றும், கை கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், ஞாபகமும் மங்கும். வயதானவர்களின் வயிறு அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டாலும் அது குறையும். அதற்காக யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது. டாக்டரிடம் சொல்லிச் சோதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கை. பி-12 குறைந்த உடம்புக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால், ரத்தம் தேறியதுபோல் தெரியும். ஆனால் நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். டாக்டரிடம் காட்டாமல் டப்பாவை நம்புவது வீண் செலவு மட்டுமல்ல, சில சமயம் ஆபத்தும்கூட. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகள் ஜின்கோவையோ பெரிய அளவு ஈ வைட்டமினையோ சேர்த்தால் ரத்தக் கசிவு வரலாம்.

அந்த அம்மாவுக்கு ஊசி போட்டார்கள். காதைச் சுத்தம் செய்தார்கள். சில மாதத்தில் நடை நிதானமாயிற்று, முகம் தெளிந்தது, பேச்சு கோர்வையாக வந்தது. எல்லா மறதியும் போய்விட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். இன்னும் சில சமயம் தேதி குழம்புகிறது. ஆனால் ரேஷன் கடைக்குப் போய் அரிசியோடு திரும்பி வருகிறார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்றும் நாம் சொல்லவில்லை. சிலருக்கு தைராய்டு குறை, சிலருக்கு ரத்த அழுத்தம், சிலருக்கு மனச் சோர்வு, சிலருக்கு மூளையிலேயே முதுமை நோய். எது என்று பார்ப்பதற்கு வழி பரிசோதனைதான், விளம்பரமல்ல.

சட்டம் இருக்கிறது, தூங்குகிறது

பொய் மருந்து விளம்பரத்தைத் தடுக்க இந்த நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்தது. மருந்து விதிகளில் ஒரு பட்டியலே உண்டு: இன்னின்ன நோயைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று. மூளைத் திறனைக் கூட்டுவது, ஞாபகத்தை வளர்ப்பது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது!

கம்பெனிகள் என்ன செய்கின்றன? மருந்து என்று சொன்னால்தானே அந்த விதி? உணவுச் சத்து என்று பெயர் மாற்றி, உணவுச் சட்டத்தின் கீழ் நுழைந்து விடுகின்றன. பின்பக்கத்தில் "மருத்துவ உபயோகத்திற்கு அல்ல" என்ற பொடி எழுத்தின் ரகசியம் இதுதான். முன்பக்கம் நோயாளிக்கு, பின்பக்கம் சட்டத்துக்கு!

அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான். ஜெல்லி மீனில் உள்ள புரதம் ஞாபகத்தைக் கூட்டும் என்று சொல்லி பிரேவஜென் என்ற மாத்திரையை விற்றார்கள். 2017-ல் அரசாங்க வர்த்தகக் கமிஷனும் நியூயார்க் மாநிலமும் வழக்குப் போட்டன. அந்த ஞாபக விளம்பரத்தை நிறுத்தும்படி கோர்ட்டு உத்தரவிட 2024 ஆயிற்று. ஏழு வருஷ விற்பனை முடிந்த பிறகு நீதி! இங்கே 2024-ல் பதஞ்சலி கம்பெனியின் மருந்து விளம்பரங்களைக் குறித்து உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கம்பெனி பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டது. தட்டிக் கேட்டால் வழி பிறக்கும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

மூளைக்கு உண்மையில் எது பலம்?

லான்செட் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024-ல் ஒரு கணக்குச் சொன்னது. உலகில் டிமென்ஷியா நோயில் ஏறக்குறைய பாதி, நூற்றுக்கு 45, தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியது. எப்படி? பள்ளிப் படிப்பு, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, காதையும் கண்ணையும் கவனிப்பது, பீடி சாராயத்தை விடுவது, தனிமையில் விடாமலிருப்பது, சுத்தமான காற்று, தலையில் அடிபடாமல் காப்பது ஆகிய இவைதான் முக்கியமானவை. பின்லாந்தில் 1,260 முதியோரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பாதிக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்து இரண்டு வருஷம் பார்த்தார்கள். அறிவாற்றல் மேம்பட்டது என்று 2015-ல் அறிவித்தார்கள்.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். எது டப்பாவில் கிடைக்கும்? இரைச்சல் மிகுந்த பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் நின்று காது செவிடானவனுக்கு எந்த மாத்திரை காதைத் திருப்பித் தரும்? ஏரிப் பாசன வயல்கள் வீட்டு மனையான பிறகு வேலையும் போய், கூட நட்ட பெண்களின் பேச்சும் போய், நாள் முழுவதும் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு எந்தப் பொடி துணையாகும்?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, வீட்டில். மறதி கண்ட முதியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சோகை, பி-12, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், காது, கண் ஆகியவற்றைப் பார்க்கும்படி கேளுங்கள். டப்பாவுக்குக் கொடுக்கும் 850 ரூபாயில் மாதம் முழுவதும் தினம் ஒரு முட்டையும், வாரம் ஒரு நாள் ஏரி மீனும், கீரையும் வாங்கலாம். பல் இல்லாதவருக்கு முட்டையை மசித்துக் கொடுங்கள். வல்லாரைக் கீரை பிடிக்குமானால் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடட்டும். அது நல்ல கீரை. அதையே மாத்திரையாக்கி நூறு மடங்கு விலைக்கு விற்பவனிடம்தான் நமக்குச் சண்டை.

இரண்டாவது, ஆலையில். இ.எஸ்.ஐ.-யில் குறைந்தது ஐந்து வருஷம் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெறுகிறவருக்கு, வருஷம் 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் நாற்பத்தைந்து வயதில் கேட்டுக்கு வெளியே தள்ளப்படும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு ஏது? இத்தனை வருஷம் சந்தா பிடித்துக்கொண்டவர்கள் முதுமையில் கைவிடுவது என்ன நியாயம்? விவசாயத் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ.-யே கிடையாது.

மூன்றாவது, சர்க்காரிடம். வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் திட்டம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது. நல்ல காரியம். அதே கையோடு முதியோரின் ஞாபகத்தையும் காதையும் சோதிக்கட்டும். பி-12, தைராய்டு பரிசோதனைகள் பட்டணத்து ஆஸ்பத்திரியோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வரட்டும். ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் ஒரு தொழிலாளி தன் தாயை டாக்டரிடம் காட்ட முடியட்டும். உணவுச் சத்து என்ற முகமூடியில் ஞாபக மருந்து விற்பதைத் தடுக்கட்டும். எச்சரிக்கை வாசகத்தைத் தமிழில், முன்பக்கத்தில், கொட்டை எழுத்தில் போடச் செய்யட்டும்.

பம்பாய் மில் பெண்கள் செத்தது விதியால் அல்ல, கூலிக்குக் கிடைத்த சாப்பாட்டில் சத்து இல்லாததால். அதைக் கண்டுபிடிக்க, அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. நம் வீட்டு முதியோரின் தட்டை இன்று யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சங்கத்திலும், கிராம சபையிலும், ஆஸ்பத்திரி வாசலிலும் பேச வேண்டும்.

அந்தத் தோழர் காலி டப்பாக்களை இப்போது தூக்கிப் போடவில்லை. ஒன்றில் உப்பு, ஒன்றில் புளி. மூன்றாவதில் அம்மாவின் மாத்திரைச் சீட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கின்றன. அந்த டப்பாவால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம் அதுதான்.